ஆட்டக் கட்டளையும் அணியின் தளர்ச்சியும்

ஓர் அணி புள்ளி பெறமாட்டாது தடுமாறுங்கால், காண்போர் பெரும்பாலும் இருவர்மீதே பழி சுமத்துவர். ஒருவர் பந்தை ஏந்தி ஆடுபவர். மற்றவர், ‘இன்ன ஆட்டம் ஆடுக’ எனக் கட்டளையிடுபவர். “ஆளை மாற்றுக, அன்றேல் முறையை மாற்றுக” என்பதே எங்கும் எழும் கூக்குரல். அக்கூக்குரல் எத்துணை நேர்மையுடையது என்பதை, அமெரிக்கக் காற்பந்து வரலாற்றில் 1940-ஆம் ஆண்டு நிகழ்ந்த இரண்டு ஆட்டங்களைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் அவ்வாட்டத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பெயர் காற்பந்தேயாயினும், முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுதலும் எறிதலுமே அதில் மிகுதி. பக்கத்திற்கு 11 பேர் ஆடுவர். பந்தையுடைய அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமேனும் முன்னேறுதல் வேண்டும். இன்றேல் பந்து மாற்றாரைச் சேரும். மாற்றாரது எல்லைக்கோட்டைப் பந்துடன் கடத்தல் ‘டச்டவுன்’ எனப்படும். அதற்கு 6 புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னர் இரு திறத்தாரும் நின்று அணிவகுப்பர். அவ்விடைவேளையிலேதான் ஆட்டக் கட்டளை பிறக்கின்றது. ஆகவே இவ்வாட்டம் கால்வன்மையால் மட்டும் நடப்பதன்று. சதுரங்கம்போல எண்ணத்தாலும் நடப்பது.

1940 நவம்பர் 17-ஆம் நாள் சிகாகோ பேர்ஸ் என்னும் அணி, வாஷிங்டன் அணியை அதன் சொந்த அரங்கிலேயே எதிர்த்தது. சிகாகோவின் தலைமைப் பயிற்சியாளர் ஜார்ஜ் ஹாலஸ் என்பவர். அவர் கையாண்டது ‘டி’ அமைப்பு. அதில், குவார்ட்டர்பேக் எனப்படும் ஆட்டத்தலைவர் நடுவீரருக்குப் பின்னே நெருங்கி நின்று பந்தைக் கைக்குக் கை பெறுவர். அவருக்குப் பின்னே மூவர் குறுக்காக நிற்பர். மேலிருந்து நோக்குவார்க்கு இஃது ஆங்கில ‘டி’ எழுத்தாகத் தோன்றும். பந்து புறப்படுமுன் ஒரு வீரர் பக்கவாட்டில் ஓடி மாற்றாரது கருத்தை ஈர்த்தலும் உண்டு. இத்துணைச் சூழ்ச்சி இருந்தும் சிகாகோ அன்று பெற்றவை 3 புள்ளிகளே. வாஷிங்டன் 7 பெற்று வென்றது. இறுதியில் எல்லைக்கோட்டின் அருகே சென்றும் சிகாகோ அதனைக் கடந்திலது. நடுவர் தீர்ப்புப் பற்றி அவ்வணியினர் முறையிட்டனர். வாஷிங்டன் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல், அவர்களை அழும் குழந்தைகள் எனப் பத்திரிகையாளரிடம் எள்ளி நகையாடினார்.

இந்நிலையில் ஹாலஸ் செய்தது யாது? ஆட்டத்தலைவரான சிட் லக்மனை அவர் விலக்கினாரல்லர். ‘டி’ அமைப்பைக் கைவிட்டாருமல்லர். தோற்ற ஆட்டத்தின் படச்சுருளைப் பலமுறை ஓட்டிப் பார்த்தார். அவ்வாண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராயிருந்த கிளார்க் ஷானசியும் வந்து துணைபுரிந்தார். நம் வீரர் பக்கவாட்டில் ஓடும்போது மாற்றார் எவ்வாறு இடம் பெயர்கின்றனர் என்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள். மாற்றார் ஒருபுறம் ஈர்க்கப்படின், மறுபுறம் பந்தைச் செலுத்தும் ஆட்டங்களை அவர்கள் வகுத்தனர்.

டிசம்பர் 8-ஆம் நாள் அதே அரங்கில் இவ்விரு அணிகளும் சங்கத்தின் தலைமைப் பட்டத்திற்காக மீண்டும் மோதின. ஆடுகளத்திற்கு வெளியேயிருந்து பயிற்சியாளர் கட்டளை சொல்லுதலை விதிகள் அந்நாளில் தடுத்திருந்தன. ஆதலின், மாற்றாரைச் சோதித்தற்குரிய சில ஆட்டங்களை லக்மனுக்கு முன்னரே கற்பித்திருந்தனர். முதல் ஆட்டம் ஒரு வினாவேயாயிற்று: ‘நீவிர் பழைய காவல் முறையிலேயே நிற்கின்றீரோ?’ ஆம் என்னும் விடையை வாஷிங்டன் வீரரின் அசைவே கொடுத்துவிட்டது. இரண்டாம் ஆட்டத்திலேயே பில் ஆஸ்மன்ஸ்கி இடப்புறமாகச் சுற்றி 68 கஜம் ஓடி எல்லை கடந்தார். முடிவில் சிகாகோ 73, வாஷிங்டன் 0. மொத்தம் 11 டச்டவுன்கள். அவற்றை அடித்தோர் 10 வெவ்வேறு வீரர்.

இவ்வெற்றி முழுவதும் கட்டளையின் சிறப்பே என்று கூறின் அது மிகைப்படக் கூறலாம். பின்தங்கிய வாஷிங்டன் பந்தை மேன்மேலும் எறிய வேண்டியதாயிற்று. அவ்வெறிகளுள் எட்டினைச் சிகாகோ வீரரே பற்றினர். தொடக்கத்தில் வாஷிங்டன் வீரர் ஒருவர் டச்டவுனாகத்தக்க எறியொன்றைப் பற்றாது நழுவவிட்டதும் உண்டு. அதனைப் பற்றியிருந்தால் முடிவு மாறியிருக்குமோ என்று வினவியோர்க்கு, அவ்வணியின் புகழ்பெற்ற எறிவீரர் சாமி பா, புள்ளி 73-க்கு 7 என்று ஆகியிருக்கும் என விடையிறுத்தாராம். நகைச்சுவையாயினும் உண்மை உணர்ந்த விடை அது.

இனி இதனால் அறியக் கிடப்பது யாது? வீரரும் அமைப்பும் பெரும்பாலும் அவையே. இடையில் கழிந்தவை 21 நாட்களே. 3 என்பது 73 ஆயிற்று. ஆகவே, தளர்ச்சி கண்டவுடன் ஆளைப் பழித்தல் முறையன்று. ஒரு கட்டளைக்குத் தனியே நன்மை தீமை இல்லை. மாற்றார் எதனை எதிர்பார்த்து நிற்கின்றனர் என்பதனோடு பொருத்தியே அதனை மதித்தல் வேண்டும். நவம்பரில் ஏமாற்றாத ஓட்டம் டிசம்பரில் ஏமாற்றியமைக்குக் காரணம் இதுவே.

பயிற்சியாளர் வெளியிலிருந்து பேசலாம் என்னும் விதி 1944-இல் வந்தது. அவ்வாண்டிலேயே வாஷிங்டனும் ‘டி’ அமைப்பை மேற்கொண்டது; அதற்கு வழிகாட்டியவர், அதனைத் தோற்கடித்தற்குத் துணைநின்ற ஷானசியே! 1994 முதல் ஆட்டத்தலைவரின் தலைக்கவசத்துள் வானொலிக் கருவி வழியே கட்டளை ஒலிக்கின்றது. கருவி மாறினும் தேவை மாறவில்லை. கட்டளை விரைந்து செல்லுதல் எளிதாயிற்று. மாற்றாரை அறிந்து கட்டளையிடுதல் இன்றும் அரிதாகவே உள்ளது. தோற்ற அணியைப் பழிக்குமுன், அது தன் தோல்வியைத் திரும்ப நோக்கிற்றா என்று வினவுதலே நேர்மையுடையார்க்கு அழகாகும்.