மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஃப்ரிட்ஜ் மேலேயோ டிவி ஸ்டாண்டிலோ ஒரு மாத்திரை டப்பா இருக்கும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு ஆபரேஷன் முடிந்து மிச்சமான வலி மாத்திரை, தாத்தாவின் தூக்க மாத்திரை, பாதி தீர்ந்த இருமல் மருந்து எல்லாம் அதற்குள் கிடக்கும். போதை என்றதும் கஞ்சாவும் மதுவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்கள் கைது என்ற செய்தி சென்னையிலும் தாம்பரம் காவல் எல்லையிலும் அடிக்கடி வருகிறது. போலீஸ் தன் வேலையைச் செய்யட்டும். வீட்டில் நாம் செய்ய வேண்டியவை இங்கே.

1. டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு அட்டையையும் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் சிவப்புக் கோடும் 'ஆர்எக்ஸ்' குறியும் இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. சிவப்புக் கட்டத்துக்குள் அச்சிட்ட எச்சரிக்கையில் 'ஹெச்1' என்று இருந்தால் அது 'ஹெச்1' அட்டவணை மருந்து. இந்த அட்டவணை 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் உள்ள மருந்தை விற்கும்போது எழுதிக் கொடுத்த டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அல்பிரசோலம், டயசிபம், நைட்ரசிபம், சோல்பிடெம், டிரமடால், கோடீன் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. 'என்ஆர்எக்ஸ்' என்று சிவப்பில் இருந்தால், அது போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வரும் மருந்து. அந்த அட்டைகளை மட்டும் தனியாக எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

2. "உடம்பு வலிக்குது தம்பி, ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுப்பா" என்று மெடிக்கலில் கேட்பதை நிறுத்துங்கள். அட்டையிலிருந்து வெட்டி, பெயர் தெரியாமல் காகித உறையில் போட்டுத் தரும் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நாளைக்கு ஒவ்வாமை வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், எந்த மாத்திரை சாப்பிட்டோம் என்று டாக்டரிடம் சொல்லக்கூட முடியாது. பில் கேட்டு வாங்குங்கள். அதில் மருந்தின் பெயர் இருக்கும்.

3. தூக்க மாத்திரை. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் மட்டும் சிட்லபாக்கத்திலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ தனியாக. இந்த வீடுகளில்தான் இது சத்தமில்லாமல் பழக்கமாகிறது. மனைவி இறந்த துக்கத்திலோ ஆபரேஷனுக்குப் பிறகோ டாக்டர் பத்து நாளைக்கு எழுதியிருப்பார். அந்தச் சீட்டே பல வருடம் ஓடும். அரை மாத்திரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். பழைய அளவுக்குத் தூக்கம் வராததால் கூட்டுகிறார்களே தவிர, யாரும் போதைக்காகச் சாப்பிடுவதில்லை. அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதும் இல்லை. பென்சோடயசிபைன் வகைத் தூக்க மாத்திரைகளைப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது என்பதே மருத்துவ வழிமுறை. வயதானவர்களுக்கு இதனால் ஞாபக மறதி, பகலில் தடுமாற்றம், ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவது எல்லாம் நடக்கும். அப்பாவுக்கு 'வயசாயிடுச்சு, மறதி' என்று முடிவு கட்டும் முன் அவருடைய மாத்திரைச் சீட்டின் தேதியைப் பாருங்கள். எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் 2019 அறிக்கைப்படி, தூக்க மருந்து வகைகளை மருத்துவத் தேவைக்கு வெளியே பயன்படுத்துவோர் இந்தியாவில் சுமார் 1.18 கோடிப் பேர்.

4. மேலே படித்துவிட்டு இன்றைக்கே அம்மாவின் தூக்க மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாள்பட்டுச் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், பதற்றம், தூக்கமே இல்லாமை, சிலருக்கு வலிப்புகூட வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

5. ஆபரேஷனோ விபத்தோ முடிந்து வீட்டுக்கு வரும்போது தரும் வலி மாத்திரையில் டிரமடால் அல்லது டேபென்டடால் இருக்கிறதா என்று பாருங்கள். இவை பாரசிட்டமால் போன்றவை அல்ல, மூளையில் அபின் வேலை செய்யும் அதே இடத்தில் வேலை செய்பவை. டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். டேபென்டடால் மாத்திரையை இளைஞர்கள் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வது சென்னையிலும் புறநகரிலும் பெரிய வேதனை. மாத்திரை என்பது வெறும் மருந்து மட்டுமல்ல. அதைத் தயாரிக்கும்போது டால்க் போன்ற மாவுப் பொருள்களும் சேர்த்திருப்பார்கள். வயிற்றுக்குள் போனால் அவை ஒன்றும் செய்யாது. ரத்தக் குழாய்க்குள் போனால் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். ஊசி போட்ட இடம் சீழ் பிடிக்கும், இதய வால்வில் கிருமி ஏறும். ஒரே சிரிஞ்சை நண்பர்கள் மாற்றிப் போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி. இப்படி ஊசி ஏற்றிக்கொண்டு உயிரை விட்ட பிள்ளைகளின் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், அந்த வீட்டில் யாராவது ஒருவர் முன்பே கவனித்திருக்கக் கூடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. எத்தனை மாத்திரை வந்தது, எத்தனை தீர்ந்தது என்று அட்டை மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

6. கவனிக்க வேண்டியவை: பிள்ளையின் பையில் சிரிஞ்ச், காலி மாத்திரை அட்டைகள், காரணமில்லாமல் வரும் கூரியர், வெயிலிலும் முழுக்கைச் சட்டை, முழங்கை மடிப்பில் தழும்பு, பகலெல்லாம் சொக்கல், குண்டூசி முனை போலச் சுருங்கிய கண்மணி. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கல்லூரிப் பிள்ளை தூங்கி வழிவதற்கு ஆயிரம் காரணம் உண்டு.

7. ஆளை எழுப்ப முடியவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள். வாயில் மோர், எலுமிச்சைச் சாறு எதையும் ஊற்றாதீர்கள். காலி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். மானம் போகும் என்று மறைத்தால் டாக்டருக்கு நேரம் வீணாகும்.

8. புற்றுநோய் வலிக்கு டாக்டர் மார்ஃபின் கொடுத்தால் தயவுசெய்து பயந்து நிறுத்தாதீர்கள். "பழக்கமாயிடும், வேண்டாம்" என்று சொல்லி, துடிக்கிற நோயாளியின் மாத்திரையைப் பாதியாக்கும் உறவினர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது பெரிய கொடுமை. வலிக்காக, சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கும் மருந்து வேறு; போதைக்காகத் தேடிப் போவது வேறு. நோயாளி காலமான பிறகு மிச்சம் இருப்பதை, கொடுத்த ஆஸ்பத்திரியிடம் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். துக்க வீட்டில் அது அப்படியே கிடக்கக் கூடாது.

9. தூக்க மாத்திரை, டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து இவற்றில் எதைச் சாப்பிட்டாலும் அன்று மது தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்து மூச்சை அடக்கிவிடும்.

10. சதை போட, மூட்டு வலி தீர என்று ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குபவர்களும் உண்டு. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். இதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

11. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறப் போகும் உறவினரிடம், "துபாய்ல இருக்கற என் தம்பிக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துடுங்க" என்று பொட்டலம் கொடுத்தனுப்பாதீர்கள். நம் ஊரில் டாக்டர் சீட்டில் கிடைக்கும் கோடீன், டிரமடால், தூக்க மாத்திரைகளுக்கு அங்கே முன் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் கொண்டுபோனவர் ஜெயிலுக்குப் போக நேரலாம்.

12. மிச்சமான, காலாவதியான மருந்தை அப்படியே மாநகராட்சிக் குப்பை வண்டியில் போட வேண்டாம். ஃபென்டனில், டிரமடால், டேபென்டடால், டயசிபம் உள்ளிட்ட 17 மருந்துகளை மட்டும் டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் சொல்லியிருக்கிறது. அவை வீட்டில் கிடப்பதால் வரும் ஆபத்து, தண்ணீரில் கலப்பதைவிடப் பெரியது என்பதுதான் காரணம். மற்ற மருந்துகளை இப்படிச் செய்யாதீர்கள். கேரளத்தில் வீட்டு மருந்துகளைத் திரும்பப் பெற அரசுத் திட்டமே வந்துவிட்டது. நம் தாம்பரம் மாநகராட்சியிடமும் குடியிருப்போர் சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும்.

13. வீட்டில் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று தெரிந்தால் முதல் நாளே அடிக்காதீர்கள், அறையில் பூட்டாதீர்கள். "என்னப்பா சாப்பிடறே, எவ்வளவு நாளா?" என்று கேளுங்கள். இது மூளையைப் பிடித்த நோய். மருந்தும் ஆலோசனையும் உண்டு. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மின்சார ரயிலிலேயே போய்விடலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அடையாறு இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனை போதை மீட்புக்கென்றே நடக்கிறது. தனியார் மறுவாழ்வு மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே டாக்டர் யார் என்று கேளுங்கள். அடித்துத் திருத்துகிறோம் என்று பெருமை பேசும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். போலீஸ் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கில் சிக்கியவர், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது.

14. போதை மீட்பு உதவிக்கு 14446. மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள். போதை மாத்திரை விற்பதைப் பார்த்தால் 10581. இந்த மூன்று எண்களையும் இன்றைக்கே சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.