நெஞ்சு படபடக்கும் நேரத்தில் ஒரு முஃமின்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

    

சில நாட்களுக்கு முன்பு அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஓர் இளைஞர் மட்டும் முன் ஸஃப்பிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு இங்கே சிப்காட்டில் அவருக்கு ஒரு இண்டர்வியூ. ஏற்கெனவே இரண்டு இடங்களில் தவறிப்போயிருக்கிறது. போன முறை, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற முதல் கேள்விக்கே நாக்கு ஒட்டிக்கொண்டதாம். அவர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், ஐந்து வேளையும் தொழுகிறேன், துஆவும் கேட்கிறேன். தவக்குல் உள்ளவனுக்கு இப்படிக் கை நடுங்குமா? என் ஈமானில்தான் ஏதாவது கோளாறா?"

சகோதரர்களே! இது அந்த ஒரு தம்பியின் கேள்வி மட்டுமல்ல. பொதுத் தேர்வுக்குப் போகும் பிள்ளை, நிக்காஹ் நாளை நெருங்கும் மணமகள், ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கும் பெரியவர், நாளைக்கு மேலதிகாரியின் முன் பேச வேண்டிய ஊழியர் என்று பலருடைய நெஞ்சிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. நடுக்கமே ஒரு கஷ்டம். அதற்கு மேல், நாம் ஈமான் குறைந்தவர்களோ என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டால் மனிதன் தாங்கமாட்டான். இந்த இரண்டாவது சுமையை முதலில் இறக்கி வைப்போம்.

நபிக்கும் நெஞ்சு இறுகியது

மூஸா (அலை) அவர்களை ஃபிர்அவ்னிடம் போகும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். மூஸா நபி உலுல் அஸ்ம் என்ற உறுதிமிக்க ஐந்து தூதர்களில் ஒருவர். அல்லாஹ்வோடு உரையாடியவர். அவர் என்ன சொன்னார்? எனக்கு ஒன்றும் பயமில்லை என்று சொல்லவில்லை. தம் நெஞ்சு இறுகிவிடும், நாவு எழாது, அவர்கள் தம்மைக் கொன்றுவிடுவார்கள் என்று அஞ்சுவதாகத் தம் இறைவனிடமே சொன்னார் (அல்குர்ஆன் 26:12-14). நெஞ்சு இறுகுவதும் நாவு எழாததும்தானே இண்டர்வியூ அறைக்கு வெளியே நமக்கும் நடக்கிறது!

அல்லாஹ் அதற்காக அவரைக் கண்டிக்கவில்லை. அவர் கேட்டவற்றைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான் (20:36). இத்தோடு முடிந்துவிடவில்லை, கவனியுங்கள். துஆ ஏற்கப்பட்டாகிவிட்டது. நான் உங்கள் இருவரோடும் இருக்கிறேன் என்ற வாக்குறுதியும் கிடைத்தாகிவிட்டது. பிறகு போட்டிக்கு நாள் குறிக்கப்பட்டது. அது அவர்களுடைய பண்டிகை நாள். முற்பகல் நேரம், ஊரே கூடியிருக்கிறது. சூனியக்காரர்கள் கயிறுகளையும் தடிகளையும் எறிந்தபோது மூஸா (அலை) அவர்களின் உள்ளத்தில் மறுபடியும் அச்சம் எழுந்தது. இதையும் குர்ஆன் மறைக்காமல் சொல்கிறது (20:67).

துஆ கேட்ட பிறகும் பயம் வருகிறதென்றால், துஆ ஏற்கப்படவில்லை என்று பொருளல்ல. மூஸா நபிக்கே துஆ ஏற்கப்பட்ட பிறகும் பயம் வந்தது. பயம் போகட்டும், அப்புறம் களத்துக்குப் போகலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பயத்தோடுதான் போனார். போன இடத்தில், அஞ்ச வேண்டாம் என்ற ஆறுதல் இறங்கியது. தவக்குல் என்றால் நடுக்கமே வராத நெஞ்சு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடுக்கத்தோடும் அல்லாஹ்வின் பக்கம் திரும்பி, செய்ய வேண்டியதைச் செய்துவிடுவதுதான் தவக்குல்.

உடலில் நடப்பதைப் பாருங்கள். முக்கியமான ஒன்று முன்னால் இருக்கிறது என்று மூளை அறிந்ததும் அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, வயிறு கலங்குகிறது. ஆபத்தில் ஓடவோ எதிர்க்கவோ மனிதனைத் தயார்ப்படுத்த அல்லாஹ் உடலில் வைத்திருக்கும் ஏற்பாடு இது. சூடு பட்டால் கை சுடுவதைப் போலத்தான்.

மூஸா நபி கேட்டவை

பயத்தைச் சொன்ன மூஸா (அலை) அவர்கள் என்னென்ன கேட்டார்கள்? தாஹா அத்தியாயத்தில் வரிசையாக வருகிறது (20:25-32). நெஞ்சை விரிவாக்கித் தரும்படி கேட்டார்கள். காரியத்தை எளிதாக்கித் தரும்படி கேட்டார்கள். தம் சொல்லை மக்கள் புரிந்துகொள்வதற்காக நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி கேட்டார்கள். தம் குடும்பத்திலிருந்து ஹாரூனைத் துணையாகக் கேட்டார்கள். நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்குக்கூட இந்த துஆ மனப்பாடம். ஆனால் பொருளை நினைத்து ஓதுகிறோமா?

முதலில் கேட்டது நெஞ்சின் விரிவை. இறுகிய நெஞ்சுக்குள் எவ்வளவு படிப்பு இருந்தாலும் வெளியே வராது.

அடுத்து நாவு. இங்கே விரிவுரையாளர்கள் ஒரு நுணுக்கம் சொல்கிறார்கள். ஊரிலேயே பெரிய பேச்சாளராக்கு என்று அவர் கேட்கவில்லை. மக்கள் புரிந்துகொள்ளும் அளவுக்கு முடிச்சு அவிழ்ந்தால் போதும் என்றுதான் கேட்டார். பிறகும் ஃபிர்அவ்ன் அவரைத் தெளிவாகப் பேசத் தெரியாதவர் என்று ஏளனம் செய்தான் (43:52). ஆனால் வென்றது யார்? கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு இந்த ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நுழையும் பிள்ளைகளே! உங்கள் ஆங்கிலம் பக்கத்து நாற்காலிக்காரரைப் போல இல்லையே என்று நடுங்காதீர்கள். சொல்வது புரிந்தால் போதும் என்று கேளுங்கள். அது மூஸா நபியின் அளவுகோல்.

கடைசியாகத் துணை. ஹாரூன் தம்மைவிட நாவன்மை உள்ளவர் என்று மூஸா நபி மனம் திறந்து சொன்னார் (28:34). ஒரு நபி தம் குறையைச் சொல்லி உதவி கேட்கிறார். நாம் வீட்டில்கூட சொல்வதில்லை. பயமாக இருக்கிறது என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே அந்த வழியில் போனவரை உட்கார வைத்து, என்னைக் கேள்வி கேளுங்கள் அண்ணே, பதில் சொல்லிப் பார்க்கிறேன் என்று பழகுங்கள். சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் ஜமாஅத் சகோதரர்களே! வேலை தேடும் தம்பிகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நீங்கள்தான் அவர்களுக்கு ஹாரூன்.

ஒட்டகத்தைக் கட்டுவோம்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவதா, கட்டாமல் விட்டுவிட்டு நம்புவதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டு நம்பும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னது திர்மிதியில் வரும் பிரபலமான ஹதீஸ். அவர்களே அப்படித்தான் வாழ்ந்தார்கள். ஹிஜ்ரத்தை எண்ணிப் பாருங்கள். வழி தெரிந்தவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். தவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். மக்காவின் செய்தியைக் கொண்டுவர ஓர் ஆள், பாலுக்கு ஆடுகளை ஓட்டிவர ஓர் ஆள். இத்தனையும் செய்த பிறகுதான், எதிரிகள் குகை வாசலில் நின்றபோது, அல்லாஹ் நம்மோடு இருக்கிறான் என்று தோழருக்கு ஆறுதல் சொன்னார்கள்.

என் கதையையும் சொல்கிறேன். அரபிக் கல்லூரியில் கடைசி வருடம். ஒரு கிராமத்துக்கு ஜும்ஆ பயானுக்கு அனுப்பினார்கள். மிம்பருக்கு அருகில் நின்றதும் முழங்கால் ஆடியது. ஒரு ஹதீஸின் பாதியில் மீதி மறந்துவிட்டது. எப்படியோ முடித்தேன். தொழுகைக்குப் பிறகு ஒரு பெரியவர் டீ வாங்கிக் கொடுத்து, "அடுத்த வாரமும் வாங்க ஹஜ்ரத்" என்றார். கல்லூரிக்குத் திரும்பி உஸ்தாதிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வாய்விட்டு எத்தனை தடவை பேசிப் பார்த்தாய்?" ஒரு தடவைகூட இல்லை. மனதுக்குள் படித்ததோடு சரி. என் நடுக்கத்தில் பாதி, நான் கட்டாமல் விட்ட ஒட்டகம். மீதிப் பாதி இன்றும் வருகிறது. இன்று இந்த மிம்பரில் ஏறும் முன்பும் வந்தது.

வீட்டில் ஒரு கதீஜா

ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கியபோது நபி (ஸல்) அவர்கள் நடுங்கியபடி வீட்டுக்கு வந்து, போர்த்திவிடும்படி சொன்னார்கள். தமக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சுவதாகவும் சொன்னார்கள். அன்னை கதீஜா (ரலி) என்ன செய்தார்கள்? முதலில் போர்த்திவிட்டார்கள். நடுக்கம் தணிந்தது. பிறகு, அல்லாஹ் உங்களை ஒருபோதும் கைவிடமாட்டான் என்று சொல்லி, காரணங்களை அடுக்கினார்கள்: உறவினரோடு சேர்ந்து வாழ்கிறீர்கள், பலவீனரின் சுமையைச் சுமக்கிறீர்கள், இல்லாதவருக்கு உழைத்துக் கொடுக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள். அதன் பிறகு, விவரம் தெரிந்த வரகாவிடம் அழைத்துப் போனார்கள். இது புகாரியின் ஆரம்பத்திலேயே வருகிறது.

பெற்றோர்களே! தேர்வுக்குக் கிளம்பும் பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? உனக்காக எவ்வளவு செலவு செய்திருக்கிறோம் தெரியுமா, பக்கத்து வீட்டுப் பையனைப் பார், மார்க் வரவில்லை என்றால் என் முகத்தில் முழிக்காதே. இது போர்வையா, பாரமா? தேர்வு முடிவு வரும் காலங்களில், உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் செய்தி நாளிதழ்களில் வராத வருடம் இல்லை. நம் வீடுகளிலும் அதே வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிளஸ் டூவில் தவறினால் துணைத் தேர்வு இருக்கிறது. போன பிள்ளைக்கு மறு தேர்வு இல்லை. என்ன முடிவு வந்தாலும் நீ எங்கள் பிள்ளைதான், வீட்டுக்கு வா, சேர்ந்து சாப்பிடலாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாவது இடம்

நம் செங்கல்பட்டு மாவட்டத்தில், குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. கல்லூரி இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து ஓர் ஏழை மாணவர் விமானப் பொறியியல் படிக்க அங்கே வந்தார். சேர்க்கைக் கட்டணத்துக்காக அவருடைய சகோதரி ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்த மாணவர் டாக்டர் அப்துல் கலாம். அவருடைய கனவு விமானியாவது. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனபோது தமக்கு உறுதியும் இருந்தது, பதற்றமும் இருந்தது என்று "அக்னிச் சிறகுகள்" நூலில் அவரே எழுதியிருக்கிறார். 25 பேரில் 9-ஆவது இடம். எடுத்துக்கொண்டதோ 8 பேரை. ஓர் இடத்தில் கனவு போயிற்று. மனம் உடைந்து ரிஷிகேஷ் போனார். அங்கே சுவாமி சிவானந்தர் அவருக்கு ஆறுதல் சொன்னார். பிறகு 1958-இல் பாதுகாப்புத் துறையில் விஞ்ஞானப் பணியில் சேர்ந்தார். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10-இல் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18-இல் வெற்றி பெற்றது. 2006 ஜூன் 8-இல், 74 வயதில், முப்படைகளின் தலைவரான குடியரசுத் தலைவராகப் புனே விமானத் தளத்திலிருந்து சுகோய் போர் விமானத்தில் பறந்தார்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மில் பெரும்பாலோர் சாதாரண மனிதர்களாகத்தான் வாழ்ந்து மறைவோம். நான் சொல்வது இதுதான்: டேராடூன் அறையில் இருந்தவர்களின் கையில் அவருடைய ரிஸ்க் இல்லை. நாளைக்கு உங்கள் எதிரே உட்காருபவரின் கையிலும் உங்கள் ரிஸ்க் இல்லை. அவர் ஒரு கதவைத் திறப்பார் அல்லது மூடுவார், அவ்வளவுதான். நம் மானம், எதிர்காலம், உயிர் எல்லாவற்றையும் அந்த ஒரு கதவில் மாட்டிவைப்பதால்தான் கை இவ்வளவு நடுங்குகிறது.

நடைமுறையில் சில

முந்தைய இரவு இஷாவுக்குப் பிறகு புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்குங்கள். தஹஜ்ஜுதுக்கு எழ முடிந்தால் இரண்டு ரக்அத் தொழுங்கள். ஏதாவது காரியம் கவலைக்குள்ளாக்கினால் நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் ஈடுபடுவார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. அவர்கள் "ஹம்மு", "ஹஸன்" இரண்டிலிருந்தும் பாதுகாப்புத் தேடுவார்கள். ஹம்மு என்பது வரப்போவதைப் பற்றிய கவலை, ஹஸன் என்பது நடந்துவிட்டதைப் பற்றிய கவலை. அந்த துஆவைப் பாடமாக்குங்கள்.

அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நாவலூர் சிக்னலில் மாட்டிக்கொண்டு திக்ரு செய்வதைவிட, சீக்கிரம் போய் உட்கார்ந்து திக்ரு செய்வது நல்லது. வெளியே காத்திருக்கும்போது மூஸா நபியின் துஆவை நிறுத்தி நிறுத்தி ஓதுங்கள். அப்படி ஓதும்போது மூச்சு நீளமாக வெளியேறும், படபடப்பும் தணியும்.

முடிந்த பிறகு, அப்படிச் சொல்லியிருந்தால், இப்படிச் செய்திருந்தால் என்று மனதை அரைக்காதீர்கள். அந்த "இருந்தால்" ஷைத்தானின் வேலைக்கு வாசல் திறக்கும் என்று முஸ்லிமில் வரும் ஹதீஸ் எச்சரிக்கிறது.

பதற்றம் வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால், உயிர் வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும்கூட, மருத்துவரிடம் போங்கள். சிகிச்சை பெறும்படி சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்தான். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தத் தம்பியிடம் அன்று இவ்வளவும் சொல்ல நேரமில்லை. மூஸா நபியும் நடுங்கினார், நீங்களும் நடுங்கிக்கொண்டே போங்கள் என்று மட்டும் சொன்னேன். சிரித்தார். வேலை கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் அதே ஸஃப்பில் வந்து, "எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன் ஹஜ்ரத்" என்றார். அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கதவை அல்லாஹ் அவன் நாடும் நேரத்தில் திறப்பான்.

யா அல்லாஹ்! எங்கள் நெஞ்சங்களை விரிவாக்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் காரியங்களை எளிதாக்குவாயாக! அவர்களின் நாவுகளில் தெளிவைத் தருவாயாக! நடுங்குவோருக்குப் போர்வையாக எங்கள் குடும்பங்களை ஆக்குவாயாக! வெற்றியில் பணிவையும் தோல்வியில் பொறுமையையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!