வெள்ளை, கறுப்பு மட்டுமல்ல!

மேற்படிப்புக்காக அமெரிக்காவின் டர்ஹம் நகருக்குப் போகிறேன். தென்மாநிலம் என்றாலே வெள்ளையர், கறுப்பர் உரசல்தானே? பயமாக இருக்கிறது.
- வாசகி, திருச்சி

அந்தக் கணக்கு பழசு! 1990களில் கட்டட வேலைக்கு மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த லத்தீனோக்கள் அதை மாற்றிவிட்டார்கள். வாடகை மலிவு என்பதால் கறுப்பர் பகுதிகளில் பலர் குடியேறினர். வங்கிக் கணக்கு இல்லாமல் சம்பளத்தை ரொக்கமாகவே வைத்திருந்ததால் வழிப்பறிக்கு ஆளாகினர். கறுப்பர், லத்தீனோ என இரு தரப்புக்கும் இடையே சந்தேகம் வளர்ந்தது. உள்ளூர் அமைப்புகள் கைகோத்து 2000இல் லத்தீனோ கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கின. 1898லேயே கறுப்பர்கள் சொந்தமாக இன்சூரன்ஸ் நிறுவனம் கண்ட ஊராயிற்றே! தைரியமாகக் கிளம்புங்கள். பெட்டியில் ஊறுகாயோடு கொஞ்சம் ஸ்பானிஷும் இருக்கட்டும். கடைத்தெருவில் இரண்டுமே கைகொடுக்கும்.