கௌனாக் கோரையும் மணிப்பூரின் ஈரநிலங்களும்

மணிப்பூர் மாநிலத்தின் இம்பால் பள்ளத்தாக்கில், ஏரிக் கரைகளிலும் தாழ்ந்த வயல்களிலும் ‘கௌனா’ எனப்படும் கோரை வளர்கிறது. தமிழகத்தின் பாய்க் கோரையைப் போன்று இதுவும் சைப்பரேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. பல்லாண்டுச் செடியாதலால், சேற்றில் படரும் வேர்த்தண்டிலிருந்து மீண்டும் மீண்டும் தளிர்க்கிறது. ஆண்டுதோறும் விதைக்க வேண்டுவதில்லை.

கௌனாவின் உருண்டு நீண்ட தண்டினுள் காற்றறைகள் நிறைந்துள்ளன. நீரில் மூழ்கிய வேர்களுக்குக் காற்றைச் செலுத்தும் இவ்வமைப்பே, உலர்ந்த தண்டிற்கு எடைக்குறைவையும் மென்மையையும் அளிக்கிறது. அறுத்த தண்டுகளை வெயிலில் உலர்த்திச் சணல் நூலால் பிணைத்துப் பாய்களாக்குகின்றனர்; கூடைகளும் இருக்கைகளும் செய்கின்றனர். ஈரம் எஞ்சினால் பூசணம் பற்றுமாதலால் உலர்த்துதலே தரத்தை நிர்ணயிக்கிறது.

பொருளாதார நோக்கில் இச்செடியின் சிறப்பு தெளிவானது. நீர் தேங்குவதால் நெல்லுக்கு ஏற்காத நிலமும் இதனால் வருவாய் தருகிறது. மூலப்பொருள் உள்ளூரிலேயே கிடைப்பதாலும், கைவேலை இல்லங்களிலேயே நடைபெறுவதாலும், மதிப்புக் கூடுதலின் பெரும்பங்கு கிராமத்திலேயே தங்குகிறது.

ஆயின் இத்தொழிலின் அடிப்படை நீர்மட்டமாகும். வேரூன்றி வளரும் கோரைக்கு ஆழமற்ற நீரே உகந்தது. 1983-ஆம் ஆண்டில் 105 மெகாவாட் திறனுள்ள லோக்தாக் நீர்மின் திட்டம் செயற்படத் தொடங்கியது. அதற்கென அமைந்த இத்தாய் தடுப்பணை, கோடையில் தாழ்ந்து மழையில் உயர்ந்துவந்த லோக்தாக் ஏரியின் நீர்மட்டத்தை ஆண்டு முழுவதும் உயர்த்தி நிறுத்தியது. கரையோர விளைநிலங்கள் பல மூழ்கின. மின்சாரத்தின் பயன் கணக்கில் ஏறியது. கரையோர மக்கள் இழந்த விளைச்சலும் புல்லும் மீனும் அவ்வாறு எளிதில் கணக்கில் ஏறுவன அல்ல.

லோக்தாக் 1990-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சூழல் மாற்றத்திற்குள்ளான ஈரநிலங்களுக்குரிய மான்ட்ரூ பதிவேட்டில் 1993-இல் சேர்க்கப்பட்டது. மைய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் நெல்வயல்களை ஈரநிலம் என்னும் வரையறையினின்று விலக்குகின்றன. எனவே வயற்பகுதியில் வளரும் கௌனாவிற்கு அவ்விதிகளின் காப்பு எட்டுவதில்லை.

ஆகவே, கைவினைப் பயிற்சிக்கும் விற்பனைக்கும் உதவுவது மட்டும் போதாது. கோரை வளரும் நிலங்களை வருவாய்ப் பதிவேடுகளில் தனியே குறித்தல், நீர்மட்டத்தை முடிவு செய்கையில் கரையோர உழவரையும் முடைவோரையும் கலந்துகொள்ளுதல் ஆகிய இரண்டும் இன்றியமையாதவை. செடி அழிந்தபின் கைத்திறன் மட்டும் எஞ்சுவதால் பயனில்லை.