டான்ஜிரோவுக்கு எந்தப் பச்சை?

கோலார் தங்கவயல் ஊரிகத்தில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொள்ளும். ஆளுக்கொரு ஏ4 தாள், நடுவில் பொதுவாக ஒரு 24 கலர் பென்சில் டப்பா. முன்பெல்லாம் டோரேமான், பிகாச்சு. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ என்ற ஜப்பானிய அனிமே படம் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்ததிலிருந்து அதில் வரும் டான்ஜிரோ, நெசுகோ தவிர வேறு பேச்சில்லை.

பக்கத்து லைனில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு டான்ஜிரோவுக்குக் கலர் அடித்தாள். தலைமுடி கறுப்பு. மேலங்கியில் பாட்டில் பச்சையும் கறுப்பும் கட்டம் கட்டமாக. உள்ளே சீருடை, அதுவும் கறுப்பு. கோட்டுக்கு வெளியே ஓர் இழை போகவில்லை. சுவரில் சாய்த்து வைத்து நாலடி தள்ளி நின்று பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

“எல்லாக் கலரும் கரெக்டாதான அடிச்சேன்? ஏங்கா இப்டி அழுக்கா கீது?”

கரெக்ட்தான். ஏறக்குறைய டி.வி.யில் பார்த்த கலர்கள்தான். ஆனால் முடி, அங்கி, சட்டை மூன்றும் ஒரே அளவு இருட்டாக இருந்ததால் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் முகம் மட்டும் தனியாக மிதந்தது. அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் ஒரு சட்டம்: எந்தக் கலர் என்று யோசிப்பதற்கு முன்னால் எவ்வளவு இருட்டு என்று யோசிக்க வேண்டும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் தாள். பக்கத்து ராபர்ட்சன்பேட்டைக் கடையில் பிரிண்ட் எடுக்கும்போது ஒரே படத்தை இரண்டு பிரதியாக எடுத்துவிடுங்கள். ஒன்று வெள்ளோட்டத்துக்கு. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த கோடு, ஸ்கெட்ச் பென்னோ வாட்டர் கலரோ பட்டால் பெரும்பாலும் கரைந்து, மஞ்சள் முடிக்குள் சாம்பல் நிறமாகப் பரவும். ஜெராக்ஸ் மிஷினில் எடுத்த கோடு தண்ணீருக்கு அசையாது. வழக்கமான 75 ஜி.எஸ்.எம். தாள் கலர் பென்சிலை இரண்டு தடவைக்கு மேல் தாங்காது, வழுக்க ஆரம்பிக்கும். கடையில் கொஞ்சம் தடித்த தாள் இருந்தால் கேட்டு வாங்குங்கள், 100 ஜி.எஸ்.எம். போதும்.

அடுத்தது டப்பாவைத் திறக்காமல் செய்யும் வேலை. வெள்ளோட்டப் பிரதியை எடுத்து, சாதாரண எச்.பி. பென்சிலால் ஒவ்வொரு பகுதியிலும் 1, 2, 3 என்று எண் போடுங்கள். 1 வெளிச்சம், 2 நடுத்தரம், 3 இருட்டு. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பெரிய பகுதிகளுக்கு ஒரே எண் விழக்கூடாது, அவ்வளவுதான் விதி. டான்ஜிரோவுக்கு நாங்கள் போட்டது இப்படி: முகம் 1, அங்கியின் பச்சைக் கட்டம் 2, கறுப்புக் கட்டம் 3, பெல்ட்டும் கால் கட்டுத் துணியும் 1. முடியில்தான் சிக்கல். அங்கியின் தோள் பக்கத்தில் அது கறுப்புக் கட்டத்தைத் தொடுகிறது. அதனால் முடியை இரண்டரை ஆக்கினோம். அதற்குக் கறுப்பு ஆகாது. டான்ஜிரோவின் முடியில் ஏற்கெனவே ஒயின் சிவப்பு ஓடுகிறது, அந்தச் சிவப்பைக் கொஞ்சம் தாராளமாக விட்டோம். சீருடைக்கு அடர்ந்த பழுப்பு. முழுக் கறுப்பு கட்டங்களுக்கு மட்டும். பச்சை? பாட்டில் பச்சை வேண்டாம், நீலம் கலந்த நடுத்தரப் பச்சை.

சரியாக வருகிறதா என்று பார்க்க எளிய வழி, போனில் படமெடுத்து பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கிப் பார்ப்பது. கலர் போன பிறகும் முடி எது, அங்கி எது என்று தெரிந்தால் பிழைத்தீர்கள். போன் கையில் இல்லாவிட்டால் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், அதே வேலையைச் செய்யும்.

இப்போது டப்பாவைத் திறக்கலாம். புடவை எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதி புதிதல்ல. உடல் ஒரு கலர், பார்டர் அதற்கு எடுப்பாக இன்னொன்று, அப்புறம் எங்கேயோ மின்னுகிற மாதிரி சின்னதாக ஜரிகை. நல்ல அனிமே பாத்திரங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. டோரேமானுக்கு உடல் நீலம், முகமும் வயிறும் வெள்ளை, மூக்கிலும் கழுத்துப் பட்டையிலும் சிவப்பு, அதில் தொங்கும் மணி மட்டும் மஞ்சள். நருட்டோவுக்கு உடம்பெல்லாம் ஆரஞ்சு, நெற்றிப் பட்டையின் துணியும் கண்ணும் நீலம். கலர் சக்கரத்தில் ஆரஞ்சுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பது நீலம், அதனால்தான் அந்தச் சின்ன நீலம் அவ்வளவு எடுபடுகிறது. நெசுகோவைப் பாருங்கள். கிமோனோ இளஞ்சிவப்பு, மேலங்கி அடர்பழுப்பு, முடி கறுப்பில் தொடங்கி நுனியில் ஆரஞ்சு. இத்தனைக்கும் நடுவில் வாயில் கவ்விய மூங்கில் மட்டும் பச்சை. இளஞ்சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வைத்தால் கண் நேரே அங்கேதான் போகும். பேசாத பெண்ணின் வாயை நம்மைப் பார்க்க வைக்கிறது அந்த ஒரு துண்டு மூங்கில்.

பிள்ளைகள் பண்ணும் தவறு, ஜரிகையைப் புடவை முழுக்க இழுப்பது. டான்ஜிரோவின் காதணியில் இருக்கும் சிவப்பு அழகாக இருக்கிறதே என்று பெல்ட்டுக்கும் அதே சிவப்பு, வாள் கைப்பிடிக்கும் அதே சிவப்பு. காதணி தொலைந்துவிடும். நீங்களே புதிதாகக் கலர் தேர்ந்தெடுக்கும் படமானால் (பெயர் தெரியாத பாத்திரம், வெறும் கோட்டுப் படம்) மூன்று பென்சில்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு டப்பாவை மூடிவிடுங்கள். பெரியது, துணை, ஜரிகை. தோலும் முடியும் இதில் சேராது.

நிழலுக்கு வருவோம். அனிமே அனிமேயாகத் தெரிவதற்குக் காரணம் அதன் நிழல். முன்பு ஜப்பானில் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளின் ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் பெயின்ட் என்று கையால் அடித்தார்கள். ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கான தாள்கள். அதில் மெல்ல மெல்லக் கரையும் நிழலுக்கெல்லாம் நேரமில்லை. வெளிச்சத்துக்கு ஒரு கலர், நிழலுக்கு ஒரு கலர், நடுவில் கத்தி வெட்டின மாதிரி எல்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த வெட்டு போகவில்லை. எந்த நிழலுக்கு எந்தக் கலர் என்று முடிவு செய்வதே அங்கே தனி வேலை. ‘மை நெய்பர் டோட்டோரோ’, ‘ஸ்பிரிட்டட் அவே’ படங்களுக்கு அந்த வேலையைச் செய்தவர் மிச்சியோ யாசுதா. அந்தப் படங்களை இயக்கிய மியாசாகியின் பெயர் தெரிந்த அளவுக்கு 2016இல் மறைந்த அந்த அம்மாளின் பெயர் வெளியே தெரியவில்லை என்பது என் மனக்குறை.

நாம் செய்ய வேண்டியது: நிழலுக்குக் கறுப்புப் பென்சிலைத் தொடக்கூடாது. கறுப்பு போட்டால் அழுக்காகும், பக்கத்து லைன் பெண் சொன்ன அதே அழுக்கு. அடித்த கலருக்கு அடுத்த வீட்டுக் கலரை எடுங்கள். மஞ்சள் முடிக்கு நிழல் காவி. ஆரஞ்சுக்குச் செங்கல். இளஞ்சிவப்புக்கு ஊதா கலந்த சிவப்பு. பச்சைக்கு நீலப் பச்சை. வெள்ளைத் துணிக்கு வெளிர் நீலமோ வெளிர் ஊதாவோ. தாடைக்குக் கீழே, முன்முடிக்குக் கீழே, கைக்கும் உடம்புக்கும் இடையே என மூன்று இடத்தில் நிழல் விழுந்தாலே படம் எழுந்து உட்காரும். முடியில் வெளிச்சம் படும் இடத்தை ஒரு வளைந்த பட்டையாக வெள்ளைத் தாளாகவே விட்டுவிடுங்கள், பிறகு ரப்பர் வைத்துத் தேய்த்தெல்லாம் வராது. கண்ணில் மேல்பாதி இருட்டு, கீழ்ப்பாதி வெளிச்சம், வெள்ளைப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம்.

தோல் கலர் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். டப்பாவில் ‘ஸ்கின் கலர்’ என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு பென்சில் இருக்கும். அது பீச் பழத்தின் கலர். அமெரிக்காவில் க்ரேயோலா கம்பெனி ‘தோல்’ என்று எழுதியிருந்த க்ரேயானின் பெயரை 1962லேயே ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. எங்கள் கூடத்தில் இன்னும் மாறவில்லை. டான்ஜிரோவுக்கு அது பொருந்தலாம். ஆனால் ஒரு பையன் தன் தாத்தாவை அனிமே ஹீரோவாக வரைந்துகொண்டு வந்தான். மைன்ஸில் வேலை பார்த்தவர். தலையில் ஹெல்மெட், அதில் விளக்கு, காற்றில் பறக்கிற கூர்கூரான முடி. எல்லாம் சரி, முகத்துக்கு அந்தப் பீச் பென்சிலை எடுத்தான்.

“தாத்தா இந்தக் கலரா இருந்தாரு?”

சிரித்துவிட்டு வைத்துவிட்டான். நம் தோலுக்கு ஒரே பென்சில் கிடையாது. முதலில் மஞ்சள் காவியை மிக லேசாக, அதன்மேல் பழுப்பை லேசாக, கன்னம், மூக்கு நுனி, காது மடலில் ஆரஞ்சைத் தொட்டும் தொடாமலும். நிழலுக்கு அடர்பழுப்போடு ஒரு சிட்டிகை ஊதா. அழுத்தி ஒரே அடியாக அடித்தால் மரப்பலகை மாதிரி ஆகும். லேசாக மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு திசையில். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மேல் கடுகு மஞ்சள், வெளிர் நீலம், வெள்ளை எல்லாம் பளிச்சென்று நிற்கும். பீச் தோலில் அவை இந்த அளவு எடுப்பதில்லை. இது பாத்திரத்துக்குக் கிடைக்கிற லாபம்.

ஹெல்மெட் என்ன கலர் என்று ஆயாவிடம் கேட்டு வரச் சொன்னேன். ஆயாவுக்கு ஹெல்மெட் நினைவில்லை. இருட்டில் வீட்டுக்கு வரும் தாத்தாவின் கையில் டிபன் கேரியர் இருந்ததும், சுரங்கத்துக்குள் விளக்கு ஒன்றுதான் துணை என்று அவர் சொன்னதும்தான் நினைவு. அப்படியானால் இந்தப் படத்தில் விளக்குதான் ஜரிகை. இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், அங்கே சூரியன் இல்லை. விளக்குக்குப் பக்கத்தில் நெற்றியும் மூக்கும் மஞ்சள் ஆரஞ்சு. விளக்கிலிருந்து விலக விலக எல்லாம் நீலம் கலந்த பழுப்பு. பின்னால் பாறை கறுநீலம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை முடிவு செய்ததும் பாதிக் கலர்கள் தாமாகவே முடிவாகிவிட்டன. வெயிலில் நிற்கும் படத்துக்கும் இதே வேலைதான். தாளின் மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டால், இடக் கைக்கு ஒரு பக்கமும் வலக் கைக்கு மறுபக்கமும் நிழல் போடுகிற குழப்பம் வராது.

பின்னணிக்கு நாங்கள் வெளியே போவதில்லை. வாசலில் நின்றாலே சயனைட் மலை. பாறையை அரைத்துச் சயனைட் கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்களை மூடும்வரை நூறு வருஷமாகக் கொட்டிச் சேர்ந்தது. பார்க்கத்தான், காற்றடித்தால் அந்தத் தூசு மூக்கில் ஏறும் என்பதால் பிள்ளைகளை ஏறி விளையாட விடுவதில்லை. உச்சி வெயிலில் அது கிட்டத்தட்ட வெள்ளை. சாயங்காலம் மஞ்சளும் ரோஜாவும். மழை அறுத்த ஓடைகளில் வெளிர் ஊதா. பாத்திரம் பளிச்சென்று இருந்தால் பின்னணி இப்படி மங்கலாக இருக்க வேண்டும். நருட்டோவின் ஆரஞ்சை இந்தச் சாம்பல் மஞ்சளுக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள், அவன் இங்கேயே பிறந்தவன் மாதிரி இருப்பான். வானத்துக்குக் கீழ்ப்பக்கம் வெளிர் நீலம், மேலே போகப் போக அழுத்தம். மேலே வெளிர், கீழே அழுத்தம் என்று அடித்தால் வானம் தலைகீழாகத் தொங்கும்.

அடிக்கும் வரிசை சுருக்கமாக: வெளிர் கலர்கள் முதலில், அடர் கலர்கள் பிறகு, கறுப்பு கடைசியில். மெழுகு க்ரேயான் அடித்த இடத்தில் கலர் பென்சில் ஏறாது, ஆகவே இரண்டையும் கலப்பதானால் பென்சில் முதலில். ஸ்கெட்ச் பென்னைப் பெரிய இடத்துக்கு எடுக்காதீர்கள், கோடு கோடாக நிற்கும். காதணி, கண் ஓரம், மூங்கில் கணு போன்ற சின்ன இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் போன வாரம் டான்ஜிரோவை மறுபடி அடித்தாள். முடியில் ஒயின் சிவப்பு, பச்சையில் நீலம், காதணி மட்டும் சிவப்பு. நாலடி தள்ளி நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளை எடுத்தாள். இந்த வாரம் டான்ஜிரோவின் கூட்டாளி செனிட்சுவைக் கேட்டிருக்கிறாள். தலையும் அங்கியும் இரண்டுமே மஞ்சள், ஆரஞ்சு. கஷ்டமான படம், இரண்டு ஜெராக்ஸ் போதாது, மூன்றாக எடுத்து வைத்திருக்கிறேன்.