மான்களை மெலிவிக்கும் நோய்

அடி அண்ணாமலை என்னும் ஊருக்குக் கிழக்கே அண்ணாமலை ஓங்கி நிற்கிறது. மலையடிக் காட்டில் புள்ளிமான்கள் மேய்கின்றன. கிரிவலம் வருவோர், புதர்களினிடையே அவை செவி நிமிர்த்தி நிற்பதைக் கண்டு மகிழ்வர். தெருநாய்கள் கடிப்பதும் வண்டிகள் மோதுவதும் அம்மான்களுக்கு நேரும் இடையூறுகள். இவை கண்ணுக்குத் தெரிவன. கண்ணுக்குத் தெரியாத பகையொன்று தொலைநாட்டு மான்களை வாட்டி வருகிறது. இந்தியாவில் அந்நோய் கண்டறியப்பட்டதில்லை.

1967ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்க்கப்பட்ட மான்கள் இளைக்கத் தொடங்கின. விலா எலும்பு தெரிந்தது, தலை தாழ்ந்தது, வாயினின்று நீர் ஒழுகியது. நோயுற்றவை மாண்டன. எலிசபெத் வில்லியம்ஸ் என்னும் கால்நடை மருத்துவ அறிஞர், இறந்த மான்களின் மூளையை 1970களின் இறுதியில் ஆராய்ந்தார். அது கடற்பஞ்சினைப் போல் நுண்துளைகள் நிறைந்திருந்தது.

இந்நோயை விளைப்பது கிருமியன்று. உடலில் இயல்பாகவே உள்ள ஒரு புரதமாகும். அது தவறாக மடிந்து, அடுத்துள்ள புரதங்களையும் தன்னைப்போல் மடியச் செய்கிறது. 1982இல் ஸ்டான்லி புரூசினர் இத்தகைய புரதத்திற்குப் 'பிரியான்' எனப் பெயரிட்டார். கொதிநீரும் அதனை அழிப்பதில்லை. உமிழ்நீர், சிறுநீர், சாணம் ஆகியவற்றின் வழியே மண்ணிற் கலந்து பல்லாண்டு தங்கும். மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை. நோய் பற்றிய மான் ஓராண்டுக்கு மேலும் நலமுள்ளது போலவே மேய்ந்து திரியும். அதற்குள் தன் இனத்திற்கும் நோயைப் பரப்பிவிடும்.

தீர்க்க இயலாத நோயைத் தடுப்பது எவ்வாறு? 2016இல் நார்வே நாட்டின் நோர்ஃபியெல்லா மலைப்பகுதியில் துருவமான் ஒன்றுக்கு இந்நோய் இருப்பது தெரிந்தது. அரசு கடுமையானதொரு முடிவுக்கு வந்தது. அப்பகுதியின் ஒரு பாகத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 2000 மான்களும் 2018ஆம் ஆண்டிற்குள் கொல்லப்பட்டன. அவற்றுள் நோயுற்றவை 19 மட்டுமே! ஆயினும், உயிருடன் நிற்கும் மந்தையில் நோயுற்றவற்றைப் பிரித்தறிவது அரிது. மூளையையும் நிணநீர்க் கணுக்களையும் சோதித்தே உறுதி செய்தல் வேண்டும். நிலத்தை மான்களின்றிச் சில ஆண்டுகள் வறிதே விடுவதும் திட்டத்தில் அடங்கியிருந்தது.

ஆடுகளுக்காக அங்கே வைக்கப்பட்ட உப்புக் கட்டிகளை மான்களும் வந்து நக்குவதுண்டு. பல வாய்கள் ஓரிடத்திற் கூடுவதால் அவ்விடங்களில் நோய் தங்கக்கூடும் என்று கருதி வேலியிட்டனர். அண்ணாமலைக் காட்டோரத்தில் அன்பினால் மான்களுக்குப் பழம் இடுவோரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. இட்ட இடத்தில் மான்கள் நெருங்கும். எந்நோயாயினும் நெருக்கத்தில் விரைந்து பரவும்.

2020இல் அருகிலுள்ள ஹர்டாங்கர்விட்டா மேட்டுநிலத்திலும் நோய் தென்பட்டது. அங்கு வாழ்வன பல ஆயிரம் மான்கள். அவ்வளவையும் கொல்வதா, நோய் மிகுதியாகப் பற்றும் முதிர்ந்த ஆண்மான்களை மட்டும் குறைப்பதா என்று அறிஞரும் வேட்டைக்காரரும் வழக்காடினர்.