கலபார் அவரை: தீர்ப்புச் சொன்ன விதை

நைஜீரியாவின் தென்கிழக்கில் கலபார் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அப்பகுதியின் ஆற்றோரங்களில் படரும் ஒரு கொடியின் விதையே கலபார் அவரை. நமது அவரை, பயற்றங்காய் சேர்ந்த அதே குடும்பம்தான். ஏறக்குறைய ஓர் அங்குல நீளம், கடுங்கபில நிறம். பார்த்தால் யாருக்கும் பயம் வராது.

அங்கு வாழும் எஃபிக் மக்கள் இதனை ‘எசெரே’ என்பர். 19ஆம் நூற்றாண்டில் சூனியம் செய்ததாக ஒருவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டால், இவ்விதையை இடித்து நீரில் கலந்து குடிக்கக் கொடுப்பார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி, இறந்தால் குற்றவாளி. குற்றமற்றவர் அச்சமின்றி ஒரே மடக்கில் குடிப்பதால் வாந்தி வந்துவிடும், குற்றவாளி தயங்கித் தயங்கிக் குடிப்பதால் நஞ்சு உடலில் ஊறிவிடும் என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. எனக்கு அது திருப்தி தரவில்லை. குற்றமற்றவருக்குக் கை நடுங்காதா?

ஸ்கொட்லாந்து மதபோதகர்கள் வழியாக இவ்விதை எடின்பரோவுக்குச் சென்றது. 1855இல் அங்கு பேராசிரியராக இருந்த ரொபர்ட் கிறிஸ்டிசன் சிறு துண்டொன்றைத் தானே தின்று பார்த்தார். தலை சுற்றியது, உடல் சோர்ந்தது. உடனே சவரம் செய்த நீரைக் குடித்து வாந்தியெடுத்துத் தப்பினார்! இதன் வலிமையை எடின்பரோ கண்டுபிடித்தது என்று எழுதுவது சரியல்ல. எஃபிக் மக்கள் அதை முன்பே அறிந்திருந்தார்கள். எடின்பரோ கேட்டது, “எப்படி?” என்ற கேள்வியை.

1864இல் ஜெர்மனியரான யோப்ஸ்ட், ஹெஸ்ஸே இருவரும் அந்த நஞ்சைத் தனியாகப் பிரித்தெடுத்தனர். அது பைசொஸ்டிக்மின் என்னும் அல்கலோயிட்டு. 15 காபன், 21 ஐதரசன், 3 நைதரசன், 2 ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்த சிறிய மூலக்கூறு.

உயர்தர உயிரியல் படிப்போருக்கு அசற்றைல்கோலின் புதிதல்ல. நரம்பு முனையில் வெளிப்பட்டு, தசைக்குச் ‘சுருங்கு’ என்று செய்தி சொல்வது அதுவே. செய்தி சேர்ந்ததும் ஒரு நொதியம் அதைச் சிதைத்துவிடும். பைசொஸ்டிக்மின் தன்னிலுள்ள காபமேற்றுக் கூட்டத்தை அந்நொதியத்தின் உயிர்ப்பு மையத்தில் ஒட்டிவைத்து, அதன் வேலையைத் தடுக்கிறது. அசற்றைல்கோலின் தேங்குகிறது. பாடசாலை மணியை அடித்தவர் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருப்பதைப் போன்ற நிலை அது. கண்மணி சுருங்கும், உமிழ்நீர் வடியும், இதயத்துடிப்புக் குறையும், தசைகள் துடித்துத் துடித்துச் செயலிழக்கும். சுவாசத் தசைகள் நின்றால் மரணம்.

இதே செயல் அளவு குறைந்தால் மருந்து. கண்ணினுள் அழுத்தம் கூடும் கிளோக்கோமா நோய்க்கு லக்குவர் என்ற வைத்தியர் 1877இல் இதைப் பயன்படுத்தினார். அவருக்கே அந்நோய் இருந்தது. 1934இல் லண்டனில் மேரி வோக்கர் என்ற பெண் வைத்தியர், தசைகள் வலுவிழந்து இமைகள் தொங்கிப்போன நோயாளிக்கு இதை ஊசிமூலம் கொடுத்தார். இமைகள் உயர்ந்தன. அடுத்த ஆண்டு பேர்சி ஜூலியன் ஆய்வுகூடத்தில் இம்மூலக்கூறை முழுமையாகத் தொகுத்தார். அவர் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தோரின் பேரன். கலபாரோ ஒரு காலத்தில் அடிமைகள் கப்பலேற்றப்பட்ட துறைமுகம். இதை வாசித்தபோது சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

‘மூலிகைதானே, ஒன்றும் செய்யாது’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கலபார் அவரைக்கு அந்த வார்த்தை பொருந்தாது. நம் வேலியோர ஊமத்தைக்கும் பொருந்தாது. ஊமத்தையிலுள்ள அற்றோப்பீன் அசற்றைல்கோலினின் வாங்கிகளை மறித்துக் கண்மணியை விரிக்கும். எனவே இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்மருந்தாகின்றன.

இந்த எதிர்ப்பு நமது வயல்களுக்கும் வந்திருக்கிறது. காபமேற்றுப் பீடைநாசினிகள் பைசொஸ்டிக்மினை முன்மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்டவை. பூச்சிகளின் அதே நொதியத்தையே அவை தடுக்கின்றன. சேதன பொசுபரசு வகை நஞ்சுகளும் அவ்வாறே. வயலுக்கு மருந்தடித்தவருக்கு வாயில் நீர் வடிந்து, கண்மணி சுருங்கி, மூச்சுத் திணறினால் வைத்தியசாலையில் அற்றோப்பீன் ஏற்றுவது இதனால்தான். காபமேற்றுப் பிடித்த நொதியம் சில மணித்தியாலங்களில் தானாக விடுபடும். சேதன பொசுபரசு பிடித்தால் அவ்வளவு எளிதில் விடுபடாது, சிகிச்சையும் நீளும். ஆகவே நோயாளியைக் கொண்டுசெல்லும்போது அந்த மருந்துப் போத்தலையும், ஒட்டியுள்ள லேபல் கிழியாமல், கையோடு எடுத்துச் செல்லுங்கள்.